வலது தோளில் துப்பாக்கி, இடது காதில் சேதம்

பக்கத்தில் குண்டு வெடித்துச் செவிப்பறை கிழிந்தால்தான் படைவீரருக்குக் காது கேட்காமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் செவித்திறனைப் பரிசோதிப்பது என் வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குச் செவிப்பறை நன்றாகத்தான் இருக்கிறது. காதைக் கெடுத்தது அவர்கள் கையிலேயே இருந்த ரைஃபில்.

திடீர் வெடியோசைக்கு அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் வரம்பு 140 டெசிபல். எம்16 ரைஃபிலைச் சுடுபவரின் காதருகே அது ஏறத்தாழ 157. பதினேழுதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் ஒலியழுத்தத்தில் அது ஏழு மடங்கு! இரண்டாம் உலகப் போரில் காலாட்படை தூக்கிச் சுமந்த எம்1 கேரண்ட் இதைவிடவும் உரத்தது. எம்16க்குப் பின்னர் வந்த எம்4 ரைஃபிலில் குழலின் நீளம் 20 அங்குலத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. வண்டியிலிருந்து குதிக்கவும் குறுகிய அறைக்குள் திரும்பவும் அது வசதி. காதுக்கு அந்த வசதி இல்லை. குழல் வாய் ஐந்தரை அங்குலம் நெருங்கிவிட்டது. 2004இல் ஈராக்கின் ஃபலூஜாவில் நடந்ததுபோல வீடு வீடாகப் புகுந்து சுடும்போது, சுவர்களில் மோதித் திரும்பும் ஓசையும் சேர்ந்துகொள்ளும்.

நம் காதுக்குள் ஒரு சிறு தசை இருக்கிறது. பேரோசை வந்தால் அது சுருங்கி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். இடி முழக்கத்துக்கு அது உதவலாம். துப்பாக்கி வெடிப்பு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுவதால், தசை விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டிருக்கும். உள்காதில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் மயிரணுக்கள் சிதைந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இப்படிப்பட்டவர்களின் செவித்திறனைக் காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அது இடது காதில் ஆழமாக இருந்தால், "வலது கைக்காரரா?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். ரைஃபிலை வலது தோளில் பொருத்திக் கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது இடது காது குழல் வாயை நோக்கித் திரும்புகிறது. வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிக்கொள்கிறது. இடது கைக்காரருக்கு இது தலைகீழ். இவர்கள் "காது கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்பார்கள். உயிரொலிகள் காதில் விழும். எஸ், எஃப் போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். கூடவே ஓயாத காதிரைச்சல். அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படும் பணிக்காலப் பாதிப்புகளில் முதலிடம் இந்த இரைச்சலுக்குத்தான்.

காதடைப்பான் போட்டிருக்கலாமே என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. ரோந்து போகிறவனுக்குக் காலடிச் சத்தமும் தலைவனின் கட்டளையும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் உயிர் போகும். அதனால் காதைத் திறந்துவைத்தே சண்டையிட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இருமுனைக் காதடைப்பான் வந்தது. மஞ்சள் முனையைச் செருகினால் பேச்சு கேட்கும், வெடியோசை மட்டுப்படும். பச்சை முனை எல்லாவற்றையும் அடைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அடைப்பான் நீளம் போதாமல், போட்டிருப்பவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடுகிறது என்று வழக்குகள் குவிந்தன. விற்ற 3எம் நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்காமலே 2018இல் அரசுக்கு 91 லட்சம் டாலர் கொடுத்தது. 2023இல் படைவீரர்களின் வழக்குகளை முடிக்க 601 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இப்போது ஒலியடக்கிகள் பரவலாகின்றன. 2022இல் ராணுவம் தேர்ந்தெடுத்த 6.8 மில்லிமீட்டர் ரைஃபில் ஒலியடக்கியோடுதான் வருகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் சினிமாவில் வருவதுபோல 'புஸ்' என்று அடங்கிவிடாது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தை ஒலியடக்கி ஒன்றும் செய்யாது. காதடைப்பான் அப்போதும் தேவை.

இங்கே வார இறுதியில் துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்துக்குப் போகும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். பஞ்சை உருட்டிச் செருகுவதால் பயனில்லை. நுரை அடைப்பானை இரு விரல்களால் மெல்லிய குச்சிபோல இறுக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சுற்றுப்புறச் சத்தம் சட்டென்று குறைந்தால், அடைப்பான் சரியாக அமரவில்லை. கழற்றி மறுபடி போடுங்கள். உள்ளரங்கில் சுடுகிறீர்கள் என்றால் அதன் மேல் காதுக் கவசமும் வேண்டும்.

சுட்ட பிறகு காது அடைத்தாற்போல இருந்தாலோ ரீங்காரம் கேட்டாலோ அன்றைக்குத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். மறுநாளும் தெளியவில்லை என்றால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு தர வேண்டுமா என்பதை அவர் முதல் சில நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஆண்டுகள் கடந்து வருபவர்களுக்குக் காதுக் கருவியும் இரைச்சலோடு வாழப் பழக்கும் சிகிச்சைகளும் இருக்கின்றன. பரிசோதனைக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள். டிவியை எவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள் என்று நான் அவரிடம்தான் கேட்பேன்.