கம்யூனியன்: ஒன்றிப்பா, பங்குறவா?

கிறிஸ்தவர்கள் திருவிருந்தில் அப்பமும் இரசமும் பெறுவதற்கும், இறைவனோடும் தமக்குள்ளும் கொள்ளும் உறவுக்கும் வழங்கும் ஆங்கிலச் சொல் கம்யூனியன். ‘காம் என்றால் சேர்ந்து, யூனியன் என்றால் ஒன்றாதல், ஆகவே கம்யூனியன் என்பது இறைவனோடு ஒன்றாகிவிடுவது’ என்ற விளக்கத்தை மறையுரைகளிலும் தியானக் கூட்டங்களிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்க இனிமையாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. கத்தோலிக்க ஆயர் மாமன்றம் 2021 முதல் 2024 வரை கையாண்ட மூன்று சொற்கள் தமிழில் ‘ஒன்றிப்பு, பங்கேற்பு, மறைப்பணி’ என்று பரவிய பிறகு, கம்யூனியனுக்குத் தமிழ் ஒன்றிப்புதான் என்பது கேள்விக்கு இடமில்லாத முடிபு போலவே ஆகிவிட்டது.

சொல்லின் பிறப்பு நெடிய கதை அன்று. இலத்தீனில் ‘கொம்மூனிஸ்’ என்றால் பொதுவானது. அதில் ‘கும்’ என்பது உடன் என்றும், ‘மூனுஸ்’ என்பது கடமை, பொறுப்பு, கொடை என்றும் பொருள்படும். கடமைகளிலிருந்து விலக்குப் பெற்ற நிலையைக் குறித்த இம்யூனிட்டியும், கடமைகளை ஏற்ற ஊராகிய முனிசிபாலிட்டியும் இதே வேரில் முளைத்தவையே. ஒன்று என்னும் பொருளுடைய ‘ஊனுஸ்’ இந்தக் குடும்பத்தில் இல்லை. இலத்தீன் சொல் பெயர்க்க முனைந்த கிரேக்கச் சொல்லான ‘கொய்னோனியா’வும் ‘கொய்னோஸ்’, அதாவது பொது என்பதிலிருந்தே வந்தது.

புதிய ஏற்பாட்டில் அச்சொல் புழங்கும் இடங்களைப் பார்த்தால் ஐயமே எழாது. லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்பட்டபோது உதவிக்கு வந்த யாக்கோபும் யோவானும் சீமோனின் ‘கொய்னோனோய்’, அதாவது தொழிற் கூட்டாளிகள். எருசலேமிலிருந்த ஏழைகளுக்காக மாசிதோனியாவிலும் அக்காயாவிலும் திரட்டப்பட்ட பண உதவியை உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கொய்னோனியா என்றே குறிப்பிடுகிறார். மீன்பாட்டில் கூட்டு, பணத்தில் கூட்டு என்று நிலத்தில் கால் ஊன்றி நிற்கும் சொல்தான், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தில் திருவிருந்தின் கிண்ணத்துக்கும் அப்பத்துக்கும் வந்து சேர்கிறது.

பவர் ஐயர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் முடிந்த சீர்திருத்தச் சபையாரின் விவிலியத் திருப்புதல் அங்கே ‘ஐக்கியம்’ என்று எழுதியது. ஆனால் அடுத்த வசனத்திலேயே, ஒரே அப்பத்தில் எல்லாரும் ‘பங்குபெறுகிறபடியால்’ பலராகிய நாம் ஒரே உடலாக இருக்கிறோம் என்றும் அது சொல்கிறது. பங்குபெறுவதால் ஒன்றாகிறோம் என்பதுதான் பவுல் சொல்லும் வரிசை. விளைவின் பெயரை எடுத்துச் செயலுக்குச் சூட்டியவை ஐக்கியமும் ஒன்றிப்பும். மேலும் ஐக்கியம் என்பது வீரசைவத்தில் உயிர் இலிங்கத்தில் இரண்டறக் கலக்கும் இறுதி நிலையின் பெயர். அந்தக் கலப்பைக் கிறிஸ்தவம் கற்பிப்பதில்லை. வடமொழியை நீக்கிவிட்டோம் என்று மகிழ்ந்து ஒன்றிப்பைக் கொண்டுவந்தவர்கள், ‘ஏக’ இருந்த இடத்தில் ‘ஒன்று’ வைத்தார்களே தவிர, பிழையைத் தொடவே இல்லை.

ஒன்றிப்பு என்ற சொல்லோடு எனக்குப் பகை கிடையாது. இறையனுபவத்தை எழுதிய துறவி அவிலா தெரசா போன்றோர் விவரித்த ஆன்மிக நிலைக்கு அது மிகப் பொருத்தமான சொல். ஆனால் சனவரி 18 முதல் 25 வரை கடைப்பிடிக்கப்படும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் அது ஒற்றுமையைக் குறிக்கிறது. தியான நூலில் இரண்டறக் கலத்தலைக் குறிக்கிறது. மாமன்ற ஏட்டில் கம்யூனியனைக் குறிக்கிறது. பிரிந்திருக்கும் சபைகளுக்கிடையே முழுமை பெறாத கம்யூனியன் இப்போதே இருக்கிறது, முழு ஒற்றுமையை நோக்கி அது வளர வேண்டும் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவையாகிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நுட்பமான கருத்தைத் தமிழில் எழுத முயல்பவர், ஒன்றிப்பிலிருந்து ஒன்றிப்பை நோக்கி நடக்க வேண்டியதாகிறது. மூன்று கருத்துகளுக்கு ஒரு சொல்லைச் சூட்டுவதைச் சிக்கனம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணுகிறார்கள் போலும்.

இதனால் நேரும் பெரிய இழப்பு வேறு. கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர் முந்திக்கொண்டு உண்டு குடிவெறி கொள்ள, இல்லாதவர் பட்டினியோடு பார்த்திருந்தார். நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அன்று என்று பவுல் கடிந்தார். கம்யூனியன் என்பது இறைவனோடு தனியாள் ஒன்றிப்போவது மட்டும் என்றால் இந்தக் கோபத்துக்கு இடமே இல்லை. நம் நாட்டிலும் திருவிருந்துக்கு யார் முதலில் வருவது, கிண்ணத்தில் யாருக்குப் பின் யார் பருகுவது என்பது சாதி வழக்காக முற்றியதும், சாதி வேற்றுமையை உடனே முற்றாகக் கைவிடுமாறு இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்ததும் வரலாறு. பங்கு என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவனும் கணக்கில் வருவான். ஒன்றிப்பு என்றால் அவன் எளிதில் நழுவிவிடுவான்.

1995ஆம் ஆண்டின் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கொரிந்தியரில் ‘பங்குகொள்ளுதல்’ என்று சரியாகவே எழுதிவிட்டு, திருத்தூதர் பணிகளில் ‘நட்புறவு’ என்று நெகிழ்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பொதுவாய் வைத்திருந்த கூட்டத்தின் வாழ்வுக்கு நட்பு என்பது மெலிந்த பெயர். கிறிஸ்தவர் தம் நம்பிக்கையைத் தொகுத்துச் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில் வரும் ‘புனிதர்களுடைய சமூக உறவு’ இன்னும் மெலிந்தது. அதன் இலத்தீன் தொடர் புனிதர்களின் கூட்டுறவு என்றும், புனிதமானவற்றில் பங்கு என்றும் இரண்டு வகையாகப் பொருள் கொள்ள இடம் தருவது. புதிய தமிழ் இரண்டாம் கதவைச் சாத்திவிட்டது. அதே தொடருக்கு நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன ‘அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்’ வாயில் நுழையாத வடமொழிதான். ஆனாலும் எல்லாருக்கும் பொதுவான பயன் என்ற உட்பொருளை அது பிடித்துவைத்திருந்தது. தனித்தமிழில் பற்றுள்ள நான் இதைச் சொல்ல நேர்வது வருத்தமே.

சடங்கைக் குறிக்கப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. நற்கருணை என்பது திருவிருந்துச் சடங்கின் கிரேக்கப் பெயரான யூக்கரிஸ்துக்கு உரியது. அதன் ‘நல்’லும் ‘கருணை’யும் கிரேக்கச் சொல்லின் இரு கூறுகளோடும் பொருந்தி நிற்கின்றன. உண்பதற்குத் திருவிருந்து போதும்; திருவிருந்து பெறுவதை ‘நன்மை வாங்குதல்’ என்றும் முதன்முறை பெறுவதைப் ‘புதுநன்மை’ என்றும் சொல்லும் மக்கள் வழக்குகளையும் கொச்சை என்று ஒதுக்க வேண்டியதில்லை. சடங்குக்கு அப்பால் விரியும் கருத்துக்கு நான் பரிந்துரைப்பது பங்குறவு. கூட்டுறவு என்பதே போதுமானதாக இருந்திருக்கும். வங்கியும் ரேஷன் கடையும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. ஊர்க் குருவைப் பங்குத்தந்தை என்றும் ஊராரைப் பங்கு மக்கள் என்றும் அழைக்கும் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பங்குறவு அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. பங்காளிச் சண்டை நினைவுக்கு வருமே என்பார்க்கு, கொரிந்தில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே என்பது என் மறுமொழி.

ஆங்கிலிக்கன் கம்யூனியனை ‘ஆங்கிலிக்கன் ஒன்றியம்’ என்று எழுதுவோரும் இதைக் கருத வேண்டும். ஒன்றியம் என்றதும் நடுவில் ஓர் ஆட்சி இருப்பதாகத் தோன்றும். அங்கே உள்ளவை தத்தம் சட்டப்படி தம்மைத் தாமே ஆளும் நாற்பதுக்கு மேற்பட்ட சபைகள்; காண்டர்பரி பேராயருக்கு அவற்றுள் முதன்மை மதிப்பு உண்டே ஒழிய, பிற நாட்டுச் சபைகள் மீது ஆணையிடும் அதிகாரம் இல்லை. 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையும் அதன் உறுப்பினரே. ‘ஆங்கிலிக்கன் சபைகளின் பங்குறவு’ என்று எழுதினால் இவ்வளவு விளக்கமும் வேண்டியிராது.