சர்க்கரை பூத்த யோக்கன்

ஓகி நகரத்து யோக்கன் என்னும் பயற்று இனிப்புக் கட்டியில் கத்தியை வைத்து அழுத்தினால் முதலில் மெல்லிய நொறுங்கல் ஓசை ஒன்று கேட்கும். வெள்ளை படிந்த சர்க்கரை ஓடு உடைந்த பிறகு கத்தி தங்குதடையின்றி இறங்கும். உள்ளே ஈரமும் பளபளப்பும் குறையாத கருஞ்சிவப்பு நிறத் துண்டு தெரியும். அந்த ஓட்டுக்காக யாரும் மேலே சர்க்கரை தூவுவதில்லை என்பதுதான் இங்கே வியப்பு. கட்டிக்குள் கரைந்திருந்த சர்க்கரையே வெளியே வந்து ஓடாக மாறுகிறது.

ஜப்பானின் கியூஷு தீவில், ஸாகா மாகாணத்தில் இருக்கிறது ஓகி. நாகசாகித் துறைமுகத்தில் வந்திறங்கிய சர்க்கரை பழைய நெடுஞ்சாலை வழியாக இந்த மாகாணத்தைக் கடந்துதான் மற்ற ஊர்களுக்குப் போனது. வழியோர ஊர்களில் இனிப்புத் தொழில் வேரூன்றியதற்கு அது ஒரு காரணம். சிறிய ஊரான ஓகியில் இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட யோக்கன் கடைகள் உள்ளன. 1899இல் தொடங்கிய முராஓகா சோஹொன்போ என்னும் கடை, தன் பழைய சர்க்கரைக் கிடங்கையே யோக்கன் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறது.

யோக்கன் என்ற பெயரை எழுதும் சீன எழுத்துகளின் பொருள் ஆட்டுக்கறிக் கூழ் என்பதாகும். சீனாவிலிருந்து இதைக் கொண்டுவந்த ஜென் துறவிகள் புலால் உண்ணாதவர்கள் ஆதலால், பயற்று மாவைக்கொண்டு அதற்கு மாற்று செய்தார்கள் என்றும், பெயர் மட்டும் தங்கிவிட்டது என்றும் சொல்லப்படுகிறது. முதலில் இது ஆவியில் வெந்த பண்டமாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித்தான், கிளறி இறுகவைக்கும் இன்றைய வகை பரவியது. அதைச் சாத்தியமாக்கியது கன்டென், அதாவது தமிழ் வீடுகளில் கடற்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் வழங்கும் அதே பொருள்.

செம்பாசிகளை வேகவைத்து வடித்த கஞ்சி ஆறினால் கட்டியாகும். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கியோத்தோவை அடுத்த ஃபுஷிமியில் விடுதி நடத்திய மினோ தாரோஸாஎமோன் என்பவர், மீந்துபோன கட்டியைப் பனிக்கால இரவில் வெளியே எறிந்தபோது கன்டென் பிறந்தது என்பது செவிவழிக் கதை. கதை எப்படியோ, வழிமுறை உண்மையானது. இரவில் உறையும் நீர் பனிப்படிகங்களாகப் பிரிந்துவிட, பாசியின் இழைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன. பகலில் பனி உருகி வடியும்போது அந்த இழைகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இப்படிப் பல நாள் உறைந்து உருகியபின், பஞ்சு போன்ற சக்கை மிஞ்சும்.

அந்தச் சக்கையை நீரில் கொதிக்கவைத்தால் அகரோஸ் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அவிழ்ந்து மிதக்கின்றன. ஆறும்போது அவை இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்குகள் சேர்ந்து கற்றைகளாகி, நீரைச் சிறைப்பிடிக்கும் வலையாக நிற்கின்றன. நூறு பங்கு நீரைக் கட்ட ஒரு பங்கு கன்டென் போதும். இந்த வலை ஏறத்தாழ 35 முதல் 40 பாகை செல்சியஸில் உருவானாலும், மீண்டும் உருக 85 பாகையாவது வேண்டும். ஆகவே யோக்கன் கோடைவெயிலில் இளகுவதில்லை. விலங்குப் புரதமான ஜெலட்டின்போல நாவில் கரைவதுமில்லை, பல்லால்தான் கடிபடும். (1880களின் தொடக்கத்தில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளுக்கு இதைப் பரிந்துரைத்த, அங்கே பணியாற்றியவரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸேயும், வெப்பத்தில் உருகாத இதே குணத்தைச் சமையலறையிலிருந்துதான் அறிந்திருந்தார்.)

அடுத்தது பூரணம். அசுக்கி என்னும் சிறிய சிவப்புப் பயற்றில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. அதை வேகவைத்தால் பசையாகியிருக்க வேண்டும், ஆனால் ஆவதில்லை. ஒவ்வொரு உயிரணுவிலும் மாவுமணிகளைச் சூழ்ந்திருக்கும் புரதம் சூட்டில் முதலில் திரைந்து உறையாகிவிடுவதால், மணிகள் உயிரணுச் சுவருக்குள்ளேயே வீங்கி அங்கேயே அடங்கிவிடுகின்றன. வெந்த பயற்றை மசித்துத் தோல் நீக்கி, நீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை மீண்டும் மீண்டும் இறுப்பது உடைந்த உயிரணுக்களிலிருந்து கசிந்த மாவைக் கழுவிவிடத்தான். நாவில் மணல்போலவும் அல்லாமல் களிபோலவும் அல்லாமல் பூரணம் நெகிழ்வதன் இரகசியம் இந்தக் கழுவலில் இருக்கிறது என்பது என் எண்ணம். புதிதாகச் செய்பவர்கள் பொறுமையிழப்பதும் இங்கேதான்.

கலக்கும் வரிசையும் மாறக்கூடாது. கன்டென் முழுதும் கரைந்த பின்னரே சர்க்கரை சேர வேண்டும். முந்திச் சேர்த்தால் சர்க்கரை நீரைத் தன்வசம் இழுத்துக்கொள்ள, கன்டென் கரையாத இழைகளாகவே தங்கிவிடும். பிறகு பூரணத்தைச் சேர்த்து, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிளறிக் கிளறி நீரை வற்றச் செய்கிறார்கள். பதம் வந்ததும் குழம்பைப் பெட்டியில் ஊற்றி, இறுகவிட்டு, மறுநாள் நீளத் துண்டுகளாக அறுக்கிறார்கள்.

இனிதான் ஓடு உருவாகிறது. அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்திருக்கும்; நன்கு வற்றிய யோக்கன் அந்த விளிம்புக்கு அருகில் நிற்கிறது. அறுத்த முகத்திலிருந்து சிறிது நீர் ஆவியானாலே அங்கே கரைசல் விளிம்பைத் தாண்டிவிட, சர்க்கரை படிகமாகப் பிரிகிறது. நம் சமையற்கட்டில் பாகு பூத்துவிட்டது என்று வருந்திச் சொல்வோமே, அதே பூத்தல்தான் இது. ஓகியில் அதைப் பிழையாகக் கொள்ளாமல் வேண்டியே வரவழைக்கிறார்கள். படிகம் நெருங்கி அடர்ந்ததும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும் வழி குறுகுகிறது. எஞ்சிய ஈரமும் சர்க்கரையோடு பிணைந்திருப்பதால் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான நீர் கிடைப்பதில்லை. உறைகள் இல்லாத காலத்தில் இனிப்பு தன் உறையைத் தானே நெய்துகொண்டது எனலாம்.

இன்று பெரும்பாலான யோக்கன், சூடாக இருக்கும்போதே அலுமினியத் தாள் உறைக்குள் ஊற்றப்பட்டு அதற்குள்ளேயே இறுகுகிறது. காற்று படாததால் பூப்பதில்லை, ஓராண்டு வரையிலும் தாங்குகிறது. ஆனால் அதிலொரு துண்டை வெட்டித் தட்டில் மூடாமல் வைத்துவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், வெட்டிய முகத்தின் விளிம்புகளில் வெள்ளைப் பொட்டுகள் தோன்றத் தொடங்கியிருக்கும்.