ரெண்டரிங்: கோட்டுப் படத்தைப் புனைதல்

உள்ளலங்காரம் படிக்கத் தொடங்குகிறவர் காதில் முதலில் விழும் சொற்களில் ஒன்று ரெண்டரிங். 'ஸ்கெட்ச் முடிஞ்சது, இனி ரெண்டர் பண்ணணும்' என்பார்கள். கலர் அடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. ஒரே ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஓர் அறையை முழுக்க ரெண்டர் செய்துவிடலாம். பெட்டியிலுள்ள இருபத்துநான்கு மார்க்கரையும் தீர்த்த பிறகும் ஒரு படம் ரெண்டர் ஆகாமலே இருக்கலாம்.

கோட்டுப் படம் சொல்வது இடத்தையும் அளவையும்தான். சோபா எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்பது அதில் தெரியும். அது தோலா துணியா, தரை மெருகேற்றியதா சொரசொரப்பானதா, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரியாது. இந்தக் கேள்விகளுக்கான பதிலைப் படத்திலேயே ஏற்றும் வேலைக்குப் பெயர் ரெண்டரிங்.

சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சின் 'ராந்த்ர்' வழியாக வந்தது. அதற்கு மூலம் 'திருப்பிக் கொடு' என்று பொருள்படும் லத்தீன் 'ரெத்தெரே'. 'ரே' என்றால் மீண்டும், 'தாரே' என்றால் கொடுப்பது. (நம் 'தா'வோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், உறவு தேட வேண்டாம்.) கொடுத்தல் என்ற இந்த ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் பல கிளைகள் பிரிந்தன. தீர்ப்பு வழங்குவதும் ரெண்டர், கொழுப்பை உருக்கிப் பிரிப்பதும் ரெண்டர், சுவருக்குச் சிமெண்டுக் கலவை பூசுவதும் ரெண்டர். கண்ட ஒன்றைப் படத்தில் திருப்பித் தருவது இன்னொரு கிளை. நமக்கு வேண்டியது அதுதான்.

கட்டடப் படங்களில் இந்தச் சொல் ஊன்றியதில் பாரிஸின் எகோல் தே போஸார் கலைப்பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே மாணவர் முதலில் போடும் விரைவு வரைவு 'எஸ்கீஸ்'. அதை வளர்த்து, நீர்த்த இந்தியன் மையை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நிழலோடு முடித்துக் கொடுக்கும் படம் 'ராந்த்யூ'. ஒப்படைக்கப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். அமெரிக்காவில் இந்த வேலையைத் தொழிலாகவே செய்தவர்களை டெலினியேட்டர் என்றார்கள். நியூயார்க்கின் 1916 கட்டட வரையறைச் சட்டம் வானளாவிகளுக்கு என்ன வடிவம் தரும் என்பதை 1922இல் படங்களாக வரைந்து காட்டிய ஹியூ ஃபெரிஸ் அவர்களில் பேர்போனவர். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் இல்லாமலே ரெண்டரிங் நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கணினித் துறை இதே சொல்லை எடுத்துக்கொண்டது பின்னால்தான். அங்கேயும் வேலை ஒன்றே: வடிவத்தின் மேல் ஒளி எப்படி விழும் என்று கணக்கிட்டுப் படமாக்குவது.

இனி தமிழுக்கு வருவோம். அகராதியைப் பார்த்து 'வழங்கல்' என்று எழுதினால் தீர்ப்புக் கிளைக்குப் போய்விடுகிறோம். 'பூச்சு' கொத்தனாருடைய சொல்; உள்ளலங்கார ஆவணத்தில் அதைப் போட்டால் யாராவது சுவர் வேலைக்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள். 'நிழலிடல்' ஷேடிங்குக்குப் பொருந்தும், ஆனால் அது ரெண்டரிங்கின் ஒரு பகுதி மட்டுமே. 'வண்ணம் தீட்டல்' பென்சில் ரெண்டரை வெளியே தள்ளிவிடுகிறது.

சரியான சொல் பழைய இலக்கியத்திலேயே கிடக்கிறது. நெடுநல்வாடையில், தலைவன் பாசறையில் இருக்க, அணிகளைக் களைந்துவிட்டுக் கட்டிலில் இருக்கும் அரசியைப் புலவர் 'புனையா ஓவியம் கடுப்ப' என்கிறார். வண்ணம் கொண்டு எழுதாமல் வடிவை மட்டும் காட்டிய சித்திரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் கொள்கிறார். மணிமேகலையிலும் இதே தொடர் வருகிறது. ரெண்டர் செய்யாத கோட்டுப் படத்துக்கு இதைவிடத் துல்லியமான பெயர் இருக்க முடியாது. அரண்மனை அறையையும் கட்டிலையும் விரித்துரைக்கும் பாட்டில் அது வருவது இன்னும் பொருத்தம். புனையாதது கோட்டுப் படம் என்றால் ரெண்டரிங் புனைதல், முடிந்த படம் புனைபடம். 'புனைவு' என்று மட்டும் விட்டால் இன்றைய வாசகர் சிறுகதை என்று நினைப்பார். அதனால் வினையாகப் புனைதல், பெயராகப் புனைபடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பேச்சில் ரெண்டரிங் போகாது, போக வேண்டியதும் இல்லை.

புனைவதற்கு முன் கோட்டுப் படம் சரியாக இருக்க வேண்டும். 4 மீ. அகலம், 3 மீ. உயரம், 4 மீ. ஆழம் உள்ள அறையை ஒருபுள்ளிப் பெர்ஸ்பெக்டிவில் (ஆழத்துக்குப் போகும் கோடெல்லாம் ஒரே புள்ளியில் சேரும் தோற்ற முறை) ஏ2 தாளில் போடுவதாக வைத்துக்கொள்வோம். 1:20 அளவில் பின்சுவர் 20க்கு 15 செ.மீ. தரையிலிருந்து 8 செ.மீ. மேலே கண்மட்டக் கோடு, அது 1.6 மீ., நிற்பவரின் கண்ணுயரம். அதன்மேல், நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கி, அந்தக் கோடுகள் சேரும் மறைபுள்ளியைக் குறிக்க வேண்டும். அதிலிருந்து பின்சுவரின் நான்கு மூலைகள் வழியாகக் கோடு இழுத்தால் தரையும் கூரையும் பக்கச் சுவர்களும் வந்துவிடும். ஆழத்துக்கு, பின்சுவரின் அடிக்கோட்டை இடப்பக்கம் நீட்டி, பின்சுவரின் இடமூலையிலிருந்து 5 செ.மீ.க்கு ஒரு குறி வீதம் நான்கு குறிகள். கண்மட்டக் கோட்டில் மறைபுள்ளிக்கு இடப்பக்கம் 40 செ.மீ. தள்ளி, ஆழத்தை அளக்க உதவும் அளவுப்புள்ளி. அளவுப்புள்ளியையும் ஒவ்வொரு குறியையும் சேர்த்து நீட்டும் கோடு, இடச்சுவரின் அடிக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே ஒவ்வொரு மீட்டர் ஆழம். அளவுப்புள்ளி தாளுக்கு வெளியே விழும். தாளைப் பலகையில் ஒட்டிவிட்டுப் பலகைமேல் குறித்துக்கொள்ளலாம். 40 செ.மீ. என்றால் பார்ப்பவர் பின்சுவரிலிருந்து 8 மீ. தள்ளி நிற்கிறார். இடம் போதவில்லை என்று 25 ஆகக் குறைத்தால் முன்னால் இருக்கும் நாற்காலி இழுபட்டுக் கோணிப்போகும். எந்த மார்க்கரும் அதை மறைக்காது.

அடுத்தது ஒளி. சன்னல் இடப்பக்கம் என்று முடிவு செய்தால் கடைசிவரை இடப்பக்கம்தான். தாளோரத்தில் ஐந்து கட்டம் போட்டு, வெறுந்தாள் முதல் ஏறக்குறைய கறுப்பு வரை ஐந்து டோன் (வெளிர், அடர்த்திப் படி) கொண்ட பட்டை ஒன்றைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். பெட்டி போன்ற எந்தப் பொருளுக்கும் மேல்முகம் வெளிர், ஒளி படும் பக்கம் நடு, மறுபக்கம் அடர்த்தி. இந்த மூன்றும் பிரிந்து தெரியாவிட்டால் என்ன நிறம் போட்டாலும் பொருள் தட்டையாகவே கிடக்கும். தொடக்கக்காரர் படங்களில் அதிகம் காணும் குறை இது.

மார்க்கரில் ஒரு மரமேசையைப் புனைவதைப் பார்க்கலாம். ஆல்கஹால் மார்க்கர் தாளில் பரவும்; அதனால் மார்க்கர் தாளாகவே இருந்தாலும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்த வேண்டும். வெளிர் பழுப்பை எல்லா முகங்களிலும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இழுக்கவும். முந்தின இழுப்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைச் சேர்க்காவிட்டால், காய்ந்த ஓரத்தின்மேல் மை இரண்டாம் முறை ஏறி வரிவரியாக நிற்கும். காய்ந்த பிறகு அதே மார்க்கரால் நடு டோன் முகத்தில் இன்னொரு பூச்சு. புது நிறம் இல்லாமலே ஒரு படி அடர்த்தி கிடைத்துவிடும். மறுபக்கத்துக்கு அதன்மேல் ஒரு வார்ம் கிரே (பழுப்புச் சாயலுள்ள சாம்பல்). அதற்கப்புறம்தான் கலர் பென்சிலால் ரேகை. முறை மாறினால், பென்சிலின் மெழுகு மார்க்கரை ஏற்காது, மார்க்கர் நுனியும் அடைத்துக்கொள்ளும். ரேகை பெர்ஸ்பெக்டிவுக்கு அடங்கியும் ஓட வேண்டும்; மறைபுள்ளியை நோக்கி ஓடும் பலகையில் ரேகை மட்டும் தாளின் விளிம்புக்கு இணையாகக் கிடந்தால் மேசை உடைந்ததுபோல் இருக்கும். தரையில் விழும் நிழல் கால்களை ஒட்டி அடர்ந்து, விலக விலக வெளிற வேண்டும். கறுப்பைப் போட்டால் தரையில் பள்ளம் விழுந்த மாதிரி ஆகிவிடும். கடைசியாக, ஒளிப்பக்க விளிம்பில் வெள்ளை ஜெல் பேனாவால் விட்டுவிட்டு ஒரு கோடு.

கோட்டுக்குப் போட்ட மை மார்க்கருக்குத் தாங்குமா என்பதைத் தாளோரத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நீருக்குக் கரையாத மையும் ஆல்கஹாலுக்குக் கரையலாம்.

பொருளுக்குப் பொருள் முறை மாறும். கண்ணாடிக்கு நீலம் அடிப்பது வழக்கமான தவறு. பின்னால் இருப்பதையே சற்று மங்கலாக வரைந்து, சாய்வாக இரண்டு பட்டையை வெறுமையாக விட்டாலே கண்ணாடி தெரிந்துவிடும். மெருகேற்றிய தரையில் பிரதிபலிப்பு பொருளுக்கு நேர் கீழே செங்குத்தாக இறங்கும், மறைபுள்ளிப் பக்கம் சாயாது. குரோம் குழாயில் அடர்த்தியும் வெண்மையும் இடையில் டோன் இல்லாமல் அருகருகே நிற்கும். துணியில் நேர் எதிர்: எங்கேயும் கூர்மையான எல்லை கூடாது. வெள்ளைச் சுவருக்குத் தாளே போதும், மூலைகளில் மட்டும் மிக வெளிரிய கிரே.

படம் முழுவதையும் ஒரே அழுத்தத்தில் முடிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் எதைப் பார்க்க வேண்டுமோ, உதாரணத்துக்குச் சோபாவும் அதன் பின்சுவரும், அங்கே முழு டோனும் போடலாம். ஓரங்களைக் கோட்டோடு விட்டுவிட்டால், அங்கே படம் புனையா ஓவியமாகவே நிற்கும்.

அறையை நேர் மேலிருந்து காட்டும் தளப்படத்தைப் புனைவது இதைவிட எளிது. நிழல் எல்லாப் பொருளுக்கும் ஒரே திசையில் 45 பாகையில் விழ வேண்டும், நீளம் உயரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். அலமாரிக்கும் காபி மேசைக்கும் ஒரே நீள நிழல் போட்டால் இரண்டும் ஒரே உயரம் என்றுதான் படம் சொல்லும். தரைவிரிப்புக்கு நிழலே வேண்டாம்.