எறக்கத்துல பிரேக் ஏன் பிடிக்காம போகுது?

செங்கோட்டையில லாரி பிரேக் வேலை பாக்குறேன். புளியரை எஸ் வளைவு, அந்தப் பக்கம் ஆரியங்காவு தென்மலை எறக்கம், இதுல எறங்குன வண்டிங்கதான் எங்ககிட்ட ஜாஸ்தி வரும். ட்ரம்மை (வீலோட சேந்து சுத்துற இரும்பு வட்டை) கழட்டினா உள்ள நீலம் பாரிச்சு மயிரிழையா வெடிப்பு ஓடியிருக்கும், லைனர் (மிதிச்சா ட்ரம்முல உரசிப் பிடிக்கிற பட்டை) மினுமினுன்னு வழுக்கும். டிரைவர் அண்ணாச்சி "லைனர் மட்டம்ப்பா, வேற போடு"ம்பாரு. லைனர் மேல பெரும்பாலும் தப்பே இல்ல, எறக்கத்துல ஏறுற சூடுதான் காரணம்.

வேகம் ரெட்டிப்பானா வண்டியில இருக்குற சக்தி நாலு மடங்கு. 1720கள்ல கிராவசாண்டேன்னு ஒரு டச்சுக்காரர் பித்தளைக் குண்டைக் களிமண்ணுல விழவிட்டுப் பாத்து இந்தக் கணக்கைக் காட்டுனாரு. இதாவது நெறைய பேருக்குத் தெரியும், எறக்கத்துக் கணக்குதான் யாரும் போட்டுப் பாக்குறதில்ல.

லோடோட 16 டன் நிக்குற வண்டி 60ல ஓடுனா அதுல சுமார் 22 லட்சம் ஜூல் இருக்கு. அதே வண்டி 100 மீட்டர் உயரம் எறங்குனா வெளிய வர்றது 157 லட்சம் ஜூல், ஏழு மடங்கு! அம்பது லிட்டர் பச்சத்தண்ணியக் கொதிக்க வைக்கிற சூடு அது, இஞ்சின் கொஞ்சமும் பிடிக்கலைன்னா அம்புட்டும் ட்ரம்முக்குத்தான் போகணும் (டயரும் காத்தும் திங்கிறதை விட்டுட்டுச் சொல்றேன்).

இப்ப விசையைப் பாருங்க. 100 மீட்டர் ரோட்டுக்கு 5 மீட்டர் சரிவுன்னா வண்டியைக் கீழ இழுக்குறது சுமார் 800 கிலோ எடைக்குச் சமமான விசை, 20ல வந்தாலும் 40ல வந்தாலும் அதேதான், 2 கிலோமீட்டர் எறங்கி முடிக்கிறப்போ மொத்தச் சூடும் அதேதான். ஆனா 40ல வந்தா 3 நிமிஷத்துல எறங்கிருவீங்க, பிரேக் 87 கிலோவாட் வாங்கணும், 20ல வந்தா 6 நிமிஷம், 44 கிலோவாட் போதும். சூடு ஆறுறதுக்கும் நேரம் கிடைக்கும்.

ஆறலைன்னா ட்ரம் விரிஞ்சு லைனரை விட்டு வெலகும், லைனரோட பிடிப்பும் செத்துரும், அதுக்கப்புறம் பெடலை எம்புட்டு மிதிச்சாலும் பிரயோஜனம் இல்ல. அதனால டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல மட்டும் விட்றாதீங்க அண்ணாச்சி, கியர்ல இருந்தா சூட்டுல ஒரு பங்கை இஞ்சின் வாங்கிக்கும், இப்ப வர்ற வண்டிங்கள்ல கியர்ல கால எடுத்தாலே டீசல் கட் ஆயிரும். எறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சின்ன கியர் போட்டுருங்க, எக்ஸாஸ்ட் பிரேக் (இஞ்சின் புகை போற வழியை அடைச்சு வண்டியைப் பிடிக்கிறது) இருந்தா ஆன் பண்ணுங்க. கருகுன வாடை வந்தா அகலமான எடமாப் பாத்து ஓரங்கட்டி, வீலுக்குக் கட்டை வச்சு, தானா ஆற விடுங்க. பச்சத்தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, ட்ரம் வெடிச்சிரும்.