குசினிக்கு வரும் பழைய அலுமாரி: பெயின்ட் ஏன் உரிகிறது?

மட்டக்களப்பில் வீடு திருத்தும்போது பின் அறைக்குத் தள்ளப்படும் பழைய அலுமாரியைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முதிரை, தேக்கு அல்லது பலாவாக இருக்கும். மரத்தூளை அமுக்கிச் செய்த இன்றைய பலகையில் தண்ணீர் பட்டால் ஊதிப் பொருமும். இந்த மரங்களுக்கு அந்த அளவு பயம் இல்லை. ஆகவே அதைக் குசினிக்குக் கொண்டுவந்து பாத்திரமும் தூள் போத்தலும் அடுக்குவது நல்ல யோசனை. ஆனால் எனாமல் பெயின்ட்டை வாங்கி நேராக அடித்தால், சில மாதங்களில் கைப்பிடியைச் சுற்றித் தோல் தோலாக உரியத் தொடங்கும். பெயின்ட் சரியில்லை என்போம். குற்றம் அநேகமாக அதற்கு அடியில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு எண்ணெய்களைப் பார்க்க வேண்டும். ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகப் பூசிக் காற்றில் விட்டால் சில நாட்களில் இறுகிப் படலமாகிவிடும். தேங்காய் எண்ணெய் எவ்வளவு காலம் கிடந்தாலும் எண்ணெய்தான். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் (இரு காபன் அணுக்கள் இரண்டு பிடியாக இணைந்த இடங்கள்) இருந்தால், அவற்றின் பக்கத்தில் காற்றின் ஒட்சிசன் புகுந்து ஒரு சங்கிலியை அடுத்ததோடு முடிச்சுப் போட்டுவிடும். முடிச்சு மேல் முடிச்சு விழுந்து வலையாகும். அந்த வலைதான் இறுகிய படலம். ஆளி விதை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதி, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். தேங்காய் எண்ணெயிலோ சுமார் 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற அமிலங்கள். முடிச்சுப் போட அங்கே இடமில்லை.

எனாமல் பெயின்ட்டின் அடிப்படையான அல்கைட் பிசின், 1920களில் அமெரிக்காவில் உருவானது. இதில் காயும் எண்ணெயின் சங்கிலிகளைப் பிசினோடு பிணைத்திருக்கிறார்கள். அடித்தவுடன் முதலில் தின்னர் ஆவியாகிறது. சில மணி நேரத்தில் கையில் ஒட்டாது. உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது: ஒட்சிசன் உள்ளே இறங்கி வலை பின்ன நாட்கள், சில வேளை வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் தடிப்பாக ஒரு தரம் அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று தரம் அடிப்பது மேல். தடித்த பூச்சில் மேல் தோல் இறுகிக் காற்றை மறித்துவிடும். அடியில் பிசின் பச்சையாகக் கிடக்க, மேற்பரப்பு சுருங்கும்.

இப்போது குசினிக்கு வந்து சில காலம் பெயின்ட் இல்லாமல் நின்ற அலுமாரியைப் பாருங்கள். தாளிக்கும்போது பறக்கும் தேங்காய் எண்ணெய்த் துளிகள் அலுமாரிக் கதவில் படிகின்றன. அந்த எண்ணெய் உருகுவது சுமார் 24 பாகை செல்சியசில். நம் ஊர்ச் சூட்டில் அது திரவமாகவே, இறுகாமலே இருக்கும். அதன் மேல் விழும் பெயின்ட் மரத்தைப் பிடிக்காமல் வழுக்கும் எண்ணெயின் மேல் நிற்கிறது. கைப்பிடியருகே ஒரு துளித் தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு நிற்பதைக் காணலாம். கழுவித் தேய்த்த இடத்தில் அதே துளி தட்டையாகப் பரவும்.

கழுவச் சலவைச் சோடாக் கரைசல் போதும். காரம் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடும். ஆனால் பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு தரமாவது துடையுங்கள். அல்கைட்டும் எண்ணெயிலிருந்து வந்ததுதானே. மிஞ்சிய காரம் புதிய பூச்சையும் அதே விதமாக அரித்துவிடும்.

அடுத்தது தேய்ப்பு. பழைய பொலிஷின் வழுவழுப்பை 120 இலக்க சாண்ட் பேப்பரால் உடைத்து, 180ஆல் சீராக்கினால் பூச்சு பிடிக்க நுண்ணிய கீறல்கள் கிடைக்கும். அலுமாரியில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால் கவனம். பெயின்ட்டில் ஈயத்துக்கு இலங்கையில் உச்ச வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்தியதை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் ஒற்றி எடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

பலாவும் தேக்கும் வேறு வழியில் தொல்லை தரும். பலா மரத்திலுள்ள, பிக்குகளின் காவிக்குச் சாயம் கொடுத்த அதே மஞ்சள் நிறம், வெள்ளைப் பூச்சை ஊடுருவி மேலே வரக்கூடியது. தேக்கின் இயற்கைப் பொருட்கள் ஒட்சிசனின் வேலையைத் தடுத்து, எனாமல் காய்வதைத் தாமதமாக்கும். இரண்டுக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குத்தான் (ஷெலாக்) மருந்து. பொலிஷ்காரர் கையிலிருக்கும் அதே சாமான், ஒரு பூச்சு. தண்ணீரோ தின்னரோ அதைக் கரைப்பதில்லை. ஆகவே மரத்தின் சாறு மேலே ஏறாது.

காலமும் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் மரம் தன் உலர் எடையில் சுமார் 16 சதவீதம் நீர் பிடித்திருக்கும். 60 என்றால் ஏறத்தாழ 11. ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மாரியில் ஊதிய மரத்துக்கு அடித்த பூச்சு, மாரி கழிந்து வரும் வறண்ட கச்சான் காற்றில் மரம் சுருங்கும்போது சட்டமும் பலகையும் சேரும் இடங்களில் வெடிக்கும். மரம் நீளவாட்டில் அசைவதில்லை, அகலவாட்டில்தான் அசையும். ஆகவே கச்சான் காலத்தில், காற்று எழுமுன் காலையில், விறாந்தை நிழலில் அடியுங்கள். கடற்கரைப் பக்கம் பத்து மணிக்குப் பின் அந்தக் காற்று மணலையும் கொண்டுவரும்.

லாச்சிகளின் பக்கங்களுக்கும் அவை ஓடும் தடத்துக்கும் மட்டும் பெயின்ட் வேண்டாம். முழுதாக இறுகாத இரண்டு எனாமல் பரப்புகள் அழுந்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாரியில் மரமும் ஊதினால் லாச்சியை இழுக்கவே முடியாது. அந்த இடங்களில் மெழுகு தேய்த்தால் போதும்.