ஒரு ரீவி வாங்கினால் மூன்று ரீவி ஓடும்

போன கிழமை கிளிநொச்சி, தர்மபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் வேலைக்குப் போனேன். ரீவி பார்க்கவென்றே ஒதுக்கிய அறை. நாலு சுவருக்கும் கறுப்பு எனமல், கதவு நிலைக்கு அடிக்கிற அதே சாமான். நடுவில் நின்றால் என் முகம் எனக்கே தெரிந்தது. வீட்டுக்கார அம்மா ரீவியைப் போட்டுக் காட்டினார். நேரே ஒரு நாடகம். இடப்பக்கச் சுவரில் அதே நாடகம், வலப்பக்கச் சுவரிலும் அதே நாடகம். "தம்பி, நாங்கள் ஒரு ரீவிதான் வாங்கினனாங்கள். இப்ப மூண்டு ஓடுது" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் நோகிறது என்று அந்த அறைக்குள் இருப்பதையே விட்டுவிட்டார். விறாந்தையில் கதிரையைப் போட்டு, கதவு வழியாக எட்டிப் பார்க்கிறார்.

இந்த ஆண்டில் இப்படி நான் பார்த்த மூன்றாவது வீடு இது. பொறுமை முடிந்துவிட்டது, எழுதுகிறேன்.

எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை தன் வீட்டு ஹோம் தியேட்டரைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும், கூடவே காசும் அனுப்பும். இங்கே அதைப் பார்த்தவர்களின் கண்ணில் கறுப்பு என்ற ஒன்று மட்டும்தான் படுகிறது. அந்தச் சுவர் மினுங்கவில்லை என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. அந்த அறைக்கு யன்னல் இல்லை, நிலம் முழுக்கக் காப்பற், ஏசி ஓடுகிறது என்பதும் கண்ணில் படாது. இங்கே யன்னலைத் திறக்காமல் பங்குனி, சித்திரையில் ஒரு மணித்தியாலம் இருக்க முடியுமா?

"மினுங்கினால்தான் நல்ல பெயின்ற்" என்று யார் எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. விலை கூடினது, கழுவலாம், பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும் என்று அடுக்குவார்கள். குத்துவிளக்கு மினுங்கட்டும், தேர்ச்சில்லின் பூண் மினுங்கட்டும். ரீவி இருக்கிற அறையின் சுவர் மினுங்கக் கூடாது. மினுங்குகிற சுவர் கண்ணாடி மாதிரி, தன் மேல் விழும் வெளிச்சத்தை உருவத்தோடு திருப்பிவிடும். கறுப்பு அடித்தால் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பது மினுக்கமே இல்லாத 'மற்' பெயின்றுக்குத்தான் சரி. கறுப்பு எனமல் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமென்றால், கழுவி நிறுத்திய கறுப்புக் காருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தலை சீவலாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. மினுக்கம் மேசனின் பிழைகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும். இரவில் லைற்றை அணைத்துவிட்டு, போன் ரோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். பூச்சில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் குளத்து அலை மாதிரித் தெரியும். மற் அதை மறைத்துவிடும். எனமல் அடித்தால் ரீவி ஓடும்போதெல்லாம் அந்த அலை சுவரில் ஆடும். (மேசன்மார் என்னோடு கோபிக்க வேண்டாம். ரோர்ச் அடித்தால் என் புட்டி வேலையிலும் அலை தெரியும்.)

சரி, "பிள்ளையள் கையால தேய்ப்பினம், கழுவ வேணுமே" என்பீர்கள். நியாயமான கேள்வி. மற்றச் சுவர்களில் கை எட்டுகிற உயரம் வரை லோ ஷீன் இமல்ஷன் (கொஞ்சமாக மட்டும் மினுங்குகிற தண்ணீர்ப் பெயின்ற்) அடிக்கலாம், ஈரத்துணியால் துடைக்க அது போதும். ரீவி மாட்டுகிற சுவர் முழுக்கவும், மற்றச் சுவர்களில் கை எட்டாத மேற்பகுதியும் மற். கரும் மற் சுவரைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். அதனால் அந்தச் சுவரைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத பக்கமாகப் பாருங்கள்.

நிறத்துக்கு வருவோம். முழுக்கறுப்பு புரொஜெக்டர் வைக்கிறவர்களுக்கு. உங்களிடம் இருப்பது ரீவி. வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், நடுத்தரச் சாம்பல் 20 வீதமளவில்தான் அனுப்பும். ரீவிச் சுவருக்கு அந்தச் சாம்பல் போதும். மற்றச் சுவர்களுக்கு அதே சாம்பலில் இன்னும் இளசு, அல்லது மண் கலந்த மங்கல் நிறம். சிவப்பும் கடும் பச்சையும் வேண்டாம், இரவில் அந்த நிறம் முகங்களிலும் படத்திலும் வந்து ஒட்டும். எங்கள் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சோளகம் வீசுகிற மாதங்களில் கிறவல் றோட்டுப் புழுதி யன்னலால் வந்து கறுப்புச் சுவரில் படிந்தால், விபூதி பூசின மாதிரி இருக்கும். கறுப்பால் அறை வெக்கை கூடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: வெக்கை இறங்குவது கூரையால், உள்சுவரின் நிறத்தால் அல்ல.

கடையில் காட்டுகிற நிறக் கார்ட் இரண்டு விரல் அகலம். அதே நிறம் சுவர் முழுக்க ஏறினால் கடுமையாகத் தெரியும். சின்ன டின் வாங்கி, இரண்டடிக் காட்போட் மட்டையில் இரண்டு தரம் அடித்து, ரீவிக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். காலையில், மத்தியானத்தில், இரவு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்புக்கும் வெள்ளைப் பல்புக்கும் ஒரே சாம்பல் இரண்டு சாம்பலாகும். 12 அடிக்கு 12 அடி அறைக்கு, கதவு யன்னல் கழித்து, இரண்டு பூச்சுக்கு 4 லீற்றர் வாளி இரண்டு போதும். நாலு வாளி எழுதித் தருகிற ஆளிடம் ஏன் என்று கேளுங்கள்.

ஈரச் சுவரில் பெயின்ற் அடிக்காதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது. புதுப் பூச்சு என்றால் 28 நாள் காய விட வேண்டும். பழைய சுவரென்றால், ஒன்றரை அடிப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் தூரிகையை எடுக்கவே வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது தண்ணீர் ஏறிய வீடுகளில், முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த கோட்டை இன்னும் பார்க்கிறேன். அந்த உப்பைக் கழுவக் கூடாது, தண்ணீரோடு திரும்பச் சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி, கூட்டி அள்ளுங்கள். ஐப்பசியில் கூப்பிட்டுத் தைப்பொங்கலுக்கு முன்னம் முடித்துத் தரச் சொன்னால் நான் வர மாட்டேன், ஆவணியில் கூப்பிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரையின் உட்பக்கத்துக்கும் கறுப்பு அடிக்க வேண்டுமென்று கம்பி பிரஷால் சுரண்டுகிறார்கள். சாண்ட் பேப்பர் போடுகிறார்கள். புரொஜெக்டர் தொங்கவிட ட்ரில் போடுகிறார்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, புற்றுநோய் வருவது பல ஆண்டு கழித்து. சுரண்ட வேண்டாம், துளைக்க வேண்டாம். கூரை மரத்தில் சட்டம் கட்டிச் சீலிங் அடியுங்கள், அதற்குப் பெயின்ற் அடிக்கலாம், வெக்கையும் குறையும். காசு இல்லையா, கூரையை அப்படியே விடுங்கள். இருட்டில் படம் பார்க்கும்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அடித்த அன்று இரவு அந்த அறையில் குழந்தைகளைப் படுக்க விடாதீர்கள். எனமலும் தின்னரும் என்றால் இன்னும் சில நாள். நுளம்புக்குப் பயந்து யன்னலை மூடிவைத்தால் மணம் எங்கே போகும்? ரீவியின் பின்னால் ஒரு சின்ன வெள்ளை எல்ஈடி லைற் நாடா ஒட்டினால் இருட்டில் கண் நோகாது. சுவருக்குக் கறுப்பு அடிக்கிற செலவை விட அது மலிவு.

தர்மபுரத்து வீட்டில் எனமலின் மினுக்கம் போக நாலு சுவரையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிறைமர் போட்டு, சாம்பல் மற் அடிக்க ஐந்து நாள் போனது. முதல் அடித்த செலவை விட அதிகம். ரீவிக்கு நேரெதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது, மாலை போட்ட படம். ரீவி வெளிச்சம் முழுக்க அதில் விழுந்து திரும்புகிறது, பக்கச் சுவருக்கு மாற்றினால் நல்லது என்று மட்டும் சொன்னேன். அந்த மாதிரிப் படங்களை நான் கழற்றுவதில்லை. அந்த அம்மா தானே கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, சாமியறையில் கொண்டுபோய் வைத்தார். வேலை முடிந்த அன்று, புது ஆணியை எங்கே அடிப்பது என்று அவர்தான் விரலால் தொட்டுக் காட்டினார். பெயின்ற் இன்னும் காயவில்லை, நாளைக்கு வந்து அடிக்கிறேன் என்றேன்.