சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் தோல்

ஆரஞ்சுச் சாறு எடுக்கும் ஆலைக்குள் போகும் பழத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி, தோலும் சக்கையும் விதையுமாகத்தான் வெளியே வருகிறது. பெரும்பாலும் அது மாட்டுத் தீவனமாகும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். ஆனால் தோலின் உட்புறம் பஞ்சு போல இருக்கும் வெள்ளைப் பகுதியில் பெக்டின் ஏராளம். தாவர செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் பொருள் அது. காய்ந்த தோலில் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ இதைப் பிரித்தெடுத்தார். ஜாம் பாட்டிலின் லேபிளில் 440 என்ற எண் இருந்தால், அது இதுதான்.

தோலைக் குவித்துவைத்துவிட்டு ஆற அமர வேலை பார்க்க முடியாது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அது போதாதென்று, தோலிலேயே இருக்கும் நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அதனால் பிழிந்த கையோடு சூடுகாட்டி நொதிகளை அடக்கி, சர்க்கரை போகக் கழுவி, உலர்த்துகிறார்கள். அப்புறம் அமிலம் கலந்த வெந்நீரில் சில மணி நேரம் வைத்தால் பெக்டின் கரைந்து இறங்கும். அதை வடிகட்டி ஆல்கஹால் ஊற்றும்போதுதான் வேடிக்கை: தெளிந்திருந்த நீரில் பெக்டின் திரிதிரியாகத் திரண்டு வரும். அதைப் பிழிந்து காயவைத்து அரைத்தால் வெளிறிய மாவு கிடைக்கும். சூடும் அமிலமும் மிஞ்சினால் நீண்ட மூலக்கூறுகள் அறுந்துபோய் ஜாம் இறுகாது. குறைந்தாலோ பாதிப் பெக்டின் தோலிலேயே தங்கிவிடும்.

வழக்கமான பெக்டின் இறுக அமிலமும் 55 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையும் வேண்டும். பெக்டின் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகளைக் குறைத்த இன்னொரு வகைக்குக் கால்சியம் இருந்தாலே போதும். சர்க்கரை குறைந்த ஜாம்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

இதே பெக்டினைப் பழத்தின் மேல் பூச்சாகவும் பூசலாம். பறித்த பிறகும் பழம் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மெல்லிய பெக்டின் படலம் ஆக்சிஜன் உள்ளே போவதைத் தடுத்து, பழுக்கும் வேகத்தைக் குறைக்கும். படலம் வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்ப்பார்கள். ஆனால் நீராவியைத் தடுப்பதில் பெக்டின் மோசம். அதற்கே நீர் என்றால் ஆசை. எனவே மெழுகோ எண்ணெயோ கலக்க வேண்டியிருக்கிறது. பூச்சு தடித்துவிட்டால் ஆக்சிஜன் கிடைக்காமல் பழம் உள்ளேயே நொதித்து, சாராய வாடை அடிக்கும்.

மற்ற கழிவுகளுக்கும் வேலை உண்டு. திராட்சைத் தோலிலிருந்து உணவு நிறமி வருகிறது. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு, சாக்லேட்டில் 5 சதவீதம் வரை கலக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் ஒன்று.

'குப்பையில் தங்கம்' என்று எழுதுபவர்கள் எரிபொருள் செலவைச் சொல்வதில்லை. ஈரத் தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதை ஆவியாக்க வேண்டும். ஊற்றிய ஆல்கஹாலையும் காய்ச்சி வடித்து மீட்காவிட்டால் கணக்குக் கட்டாது. சின்ன ஆலைகளுக்கு இது தாங்காது என்பதால், பலரும் தோலை உலர்த்துவதோடு நிறுத்திக்கொண்டு பெக்டின் ஆலைகளுக்கு விற்றுவிடுகிறார்கள். காய்ந்த தோல் மாதக்கணக்கில் கெடாது, கப்பலிலும் ஏற்றலாம்.